ஜேனட், ஜெஸ்ஸி, ஜேன்: ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் ஒருவரா, மூவரா?

மற்றவர்களும் பின்தொடர வசதியாக, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். உங்கள் கணவரின் கொள்ளுப்பாட்டி 1864 நவம்பரில் ஸ்காட்லாந்தின் கிர்ரிமியூர் என்னும் நெசவு ஊரில் பிறந்தவர். பிறப்புப் பதிவிலும் 1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர் பெயர் ஜேனட். 1881 கணக்கெடுப்பில் டண்டீ நகரத்துச் சணல் ஆலைத் தொழிலாளியாக, அதே குடும்பப் பெயரும் 16 வயதும் கொண்ட ஜெஸ்ஸி என்பவர் வாடகை அறை ஒன்றில் இருக்கிறார். 1887 திருமணப் பதிவிலும் ஜெஸ்ஸிதான். 1931 இறப்புப் பதிவோ அவரை ஜேன் என்கிறது. தந்தை ஓரிடத்தில் பீட்டர், வேறோரிடத்தில் பேட்ரிக். தாய் எல்ஸ்பெத், எலிசபெத், கல்லறைக் கல்லில் பெட்சி. இது ஒரே குடும்பம்தானா, அல்லது இரண்டு மூன்று குடும்பங்களை ஒன்றாகக் கோத்துவிட்டோமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரே குடும்பமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் தந்த பெயர்களில் ஸ்காட்லாந்து வழக்கத்துக்குப் புறம்பான மாற்றம் ஒன்றுகூட இல்லை. ஆனால் ஜெஸ்ஸி என்பது ஜேனட்டின் செல்லப் பெயர் என்று ஒரு பட்டியலில் பார்த்ததை மட்டும் வைத்து முடிவுகட்ட வேண்டாம் என்று அழுத்தமாகச் சொல்வேன். அந்தப் பட்டியல் இருவரும் ஒருவராக இருக்கக்கூடும் என்பதற்கு இடம் தருகிறதே தவிர, ஒருவர்தான் என்று நிறுவுவதில்லை. ஸ்காட்லாந்துப் பதிவேடுகளில் ஒருவரை அடையாளம் காட்டும் குறிப்புகளில் மிகவும் வலுக்குறைந்தது முதற்பெயர்தான். தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், பெற்றோரின் திருமண நாள், பிறந்த ஊர், தந்தையின் தொழில் ஆகிய நான்கும் அதைவிடப் பல மடங்கு உறுதியானவை. நல்ல வேளையாக, இந்த நான்கையும் எழுதிவைப்பதில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைவிட எவ்வளவோ தாராளமாக இருந்தது.

பெயர்கள் ஏன் இப்படி மாறின என்பதை முதலில் பார்த்துவிடலாம். அரசின் கட்டாயப் பதிவு ஸ்காட்லாந்தில் 1855 ஜனவரி 1 அன்று தொடங்கியது. அதற்கு முன் இருந்தவை ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பழைய பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்). அவற்றில் மிகப் பழையது பெர்த்ஷயரில் உள்ள எரல் பங்கினுடையது, 1553-இல் தொடங்குகிறது. இந்தப் பதிவேடுகளை எழுதியவர் பெரும்பாலும் உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர்; திருச்சபை மூப்பர் அவையின் எழுத்தராகவும் அவரே இருப்பார். குழந்தைக்குத் தகப்பன் வாயால் சொன்ன பெயரைத் தம் காதில் விழுந்தபடியோ, தமக்கு முறையான வடிவம் என்று பட்டபடியோ அவர் எழுதினார். வீட்டில் ஜீன் என்று அழைக்கப்பட்ட பெண் ஆங்கிலப் பாங்கில் எழுதுவதையே சரி என்று கருதிய எழுத்தரின் கையில் ஜேன் ஆனாள். 1855-க்குப் பிறகு வந்த பதிவாளரும் இதிலிருந்து பெரிதும் வேறுபடவில்லை. தம் முன் நின்ற தந்தையோ மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோ சொன்னதைத்தான் எழுதினார். பெயர் என்பது சட்டத்தால் பூட்டிவைக்கப்பட்ட ஒன்று என்னும் இன்றைய எண்ணமே அந்த மக்களுக்கு இல்லை. கடவுச்சீட்டும் அடையாள அட்டையும் இல்லாத ஊரில் ஒரு பெண் காலையில் ஜெஸ்ஸியாகவும் மாலையில் ஜேனட்டாகவும் இருப்பதில் யாருக்கும் குழப்பம் இருக்கவில்லை.

கணக்கெடுப்புப் பதிவுகளில் இன்னொரு கையும் இடையில் புகுந்தது. குடும்பத் தலைவர் நிரப்பிய படிவத்தைக் கணக்கெடுப்பாளர் தம் ஏட்டில் பெயர்த்து எழுதுவார். நாம் இன்று திரையில் பார்ப்பது அந்த ஏட்டைத்தான், வீட்டார் நிரப்பிய படிவத்தை அன்று. டண்டீயில் வாடகை அறையில் தங்கியிருந்த 16 வயதுப் பெண்ணின் பெயரைச் சொன்னவர் வீட்டுக்காரராக இருந்திருப்பார்; ஆலையில் தோழிகள் கூப்பிட்ட பெயர்தான் அவருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே 1881-இல் ஜெஸ்ஸி என்று வருவதில் வியப்பில்லை.

இனி உங்கள் பட்டியலில் உள்ள பெயர்கள். ஜேனட், ஜீன், ஜேன், ஜெஸ்ஸி, ஜென்னி ஆகியவை ஸ்காட்லாந்தில் ஒரே கொத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் எது வேண்டுமானாலும் எதற்குப் பதிலாகவும் வரலாம். எனினும் 19-ஆம் நூற்றாண்டில் ஜெஸ்ஸி என்றே பதிவுசெய்யப்பட்ட குழந்தைகளும் உண்டு என்பதையும், ஒரே வீட்டில் ஜீன், ஜேனட் என்று இரண்டு சகோதரிகள் இருப்பது வெகு சாதாரணம் என்பதையும் மறக்கக் கூடாது. எல்ஸ்பெத், எல்ஸ்பெட், எலிசபெத், பெட்டி, பெட்சி, பெஸ்ஸி, லிஸ்ஸி இன்னொரு கொத்து. உங்கள் குடும்பத்துத் தாயின் மூன்று பெயர்களும் இதற்குள் அடங்கிவிடுகின்றன. இசபெல், இசபெல்லா என்பவை மிகப் பழங்காலத்தில் எலிசபெத்தோடு ஒன்றாகவே கருதப்பட்டாலும், 1800-களின் பதிவுகளில் அவற்றைத் தனிப் பெயராகவே கொள்வது பாதுகாப்பு.

உங்கள் தேடல் முன்னோக்கிப் போகும்போது தேவைப்படும் என்பதால் வேறு சிலவற்றையும் சொல்லிவைக்கிறேன். ஆக்னஸ் என்பவர் நான்சியாகவும் ஆனாகவும் வருவார். கிரிசல் என்ற பழைய பெயர் பின்னாளில் கிரேஸ் ஆனது. ஹெலனும் எலனும் ஒன்றே. மரியன் என்பது மேரி ஆன் என்று இரண்டாக உடையும். மார்கரெட்டைப் பெகி, மெக், மெய்சி என்று தேட வேண்டும். யூஃபீமியா என்னும் நீண்ட பெயர் எஃபி என்றும் ஃபீமி என்றும் குறுகும். கிறிஸ்டியன் என்பது ஸ்காட்லாந்தில் பெண் பெயர். நிக்கோலஸும் அப்படியே பல பெண்களுக்கு இடப்பட்டது. வடக்கே கெய்த்னஸ், சதர்லாந்து பகுதிகளில் ஜோஹன் என்பதும் பெண் பெயராக வழங்கியது. இவர்களையெல்லாம் பிற்காலத்தில் அட்டவணை தயாரித்தவர்கள் ஆண் என்று குறித்திருக்கக் காணலாம். எனவே தேடும்போது பால் என்ற கட்டத்தை நிரப்பாமல் விடுவதே நல்லது. மகன் பிறப்பான் என்று எதிர்பார்த்துத் தாத்தா பெயரை முன்கூட்டியே தீர்மானித்த வீடுகளில் மகள் பிறந்துவிட்டால் டொனால்டினா, வில்லியமினா, ஜேம்சினா, ஹியூயினா என்று ஒட்டுப் போட்டுச் சமாளித்திருக்கிறார்கள். அந்தப் பெண்கள் வளர்ந்ததும் வில்லியமினா என்பதை மினா என்று சுருக்கிக்கொண்டதற்காக அவர்களைக் குறைசொல்ல முடியாது.

தந்தையின் பெயரில்தான் இன்னொரு மொழி உள்ளே வருகிறது. அவர் பிறந்த இடம் பெர்த்ஷயரின் மலைப்பகுதியான பிளேர் அதோல் என்று 1871 கணக்கெடுப்பு சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் பிறந்த காலத்தில் அங்கே வீட்டு மொழி கேலிக். பெயரைக் கேலிக்கில் அழைப்பார்கள்; பதிவேடோ ஏறக்குறைய எப்போதும் ஆங்கிலத்தில்தான் எழுதப்பட்டது. பாட்ரிக் என்னும் கேலிக் பெயருக்கு ஈடாக ஓர் எழுத்தர் பேட்ரிக் என்றும் மற்றொருவர் பீட்டர் என்றும் எழுதினார்கள். ஸ்காட்லாந்து முழுவதிலுமே இந்த இரண்டும் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்கின, பெர்த்ஷயரில் இது மிகச் சகஜம். பேட்ரிக் என்றதும் அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர் என்று முடிவுகட்டி வேறு திசையில் தேடப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள். டண்டீ சணல் ஆலைகளில் அயர்லாந்துக்காரர்கள் மிகுதியாக இருந்ததால் அந்த மயக்கம் இயல்புதான் என்றாலும், உங்கள் விஷயத்தில் அதற்கு அடிப்படை இல்லை.

கேலிக் பகுதிகளில் இந்த ஈடுகட்டும் வேலை சில சமயம் ஒலியை வைத்தும், சில சமயம் வெறும் ஊர் வழக்கத்தை வைத்தும் நடந்தது. டோனல் என்பவர் டொனால்டும் ஆவார், டேனியலும் ஆவார். ஆனஸ் என்பவர் ஆங்கஸ். படித்த எழுத்தர் கையில் ஈனியஸ். சோர்லி என்பவர் சாமுவேல். டோர்மட் என்பவருக்கு நார்மன் என்று பெயர் வந்ததற்கு ஒலியில் எந்தத் தொடர்பும் தேட முடியாது. கிலெஸ்பி என்னும் பெயர் ஆர்ச்சிபால்ட் ஆனதும் அப்படியே. பெண்களில் மோர் என்பவர் சாராவாகவும் மரியனாகவும் வருவார். ஐரிக் என்பவரோ எஃபி, யூஃபீமியா, ஹென்ரியெட்டா என்று ஊருக்கு ஒரு வேடம் போடுவார், சில தீவுகளில் ஆஃப்ரிக்கா என்றுகூட எழுதியிருப்பார்கள். 1746-இல் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்ட் ஸ்டூவர்ட் தப்பிச் செல்ல உதவிய ஃபுளோரா மெக்டொனால்டின் கேலிக் பெயர் ஃபியுனகல். உலகம் அவரை அறிந்தது ஆங்கிலப் பெயரால்தான்.

பட்டியல்கள் கைவிடும் இடமும் உண்டு. கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் வாழ்க்கையில் வரும் ஹைலேண்ட் மேரி, அதாவது டனூன் ஊரைச் சேர்ந்த மேரி கேம்பெல், ஞானஸ்நானம் பெற்றபோது இடப்பட்ட பெயர் மார்கரெட். மேரியும் மார்கரெட்டும் எந்தப் பட்டியலிலும் ஒரே கொத்தில் வருவதில்லை. டனூனில் 1896-இல் அவருக்கு எழுப்பப்பட்ட சிலை மேரிக்குத்தான். எனவே பட்டியலில் இல்லை என்பதால் ஒரு பதிவைத் தள்ளிவிடவும் முடியாது, இருக்கிறது என்பதால் சேர்த்துக்கொள்ளவும் முடியாது.

இப்போது நிறுவுவதற்கு வருவோம். தந்தை, தாய் பெயர்ச் சிக்கலை முதலில் தீர்த்துவிட்டால் மகள் பெயர் எளிதாகிவிடும். அந்தச் சிக்கலைத் தீர்க்க உங்களிடம் ஏற்கெனவே ஓர் அருமையான ஆவணம் இருக்கிறது. 1864 பிறப்புப் பதிவின் நகலை மறுபடி எடுத்துப் பாருங்கள். குழந்தையின் பெயர், பிறந்த நாள், பிறந்த நேரம் ஆகியவற்றுக்குப் பிறகு பெற்றோருக்கான கட்டத்தில், தந்தையின் பெயரும் தொழிலும், தாயின் பெயரும் அவர் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும், அவற்றின் அடியில் பெற்றோரின் திருமணம் நடந்த நாளும் இடமும் எழுதப்பட்டிருக்கும். 1859-இல் கிர்ரிமியூரில் என்று நீங்கள் குறிப்பிட்டது அங்கிருந்து எடுத்ததுதான். இந்தத் திருமண நாள் 1855 ஆண்டுப் பிறப்புப் பதிவுகளில் இருந்தது, 1856 முதல் 1860 வரை விடுபட்டது, 1861-இலிருந்து மீண்டும் வந்தது. அதாவது இந்தத் தம்பதியருக்கு 1861-க்குப் பிறகு பிறந்த ஒவ்வொரு குழந்தையின் பிறப்புப் பதிவிலும் அதே நாளும் அதே ஊரும் திரும்ப வர வேண்டும். ஒரு குழந்தையின் பதிவில் தாய் எல்ஸ்பெத், மற்றொன்றில் எலிசபெத், ஒன்றில் தந்தை பீட்டர், மற்றொன்றில் பேட்ரிக் என்றிருந்தாலும், திருமண நாளும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் ஒன்றாகவே இருந்தால் அவர்கள் ஒரே தம்பதியர் என்பதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. ஒரே நாளில், ஒரே ஊரில், அதே இரண்டு குடும்பப் பெயர்களுடன் இரண்டு திருமணங்கள் நடந்திருக்கும் என்று வாதிடுவது கடினம். அண்ணன் தம்பி இருவர் அக்காள் தங்கை இருவரை ஒரே நாளில் மணந்த வீடுகளும் உண்டு என்பதால், 1859 திருமணப் பதிவுக்கு முன்னும் பின்னும் உள்ள பதிவுகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அந்தக் குழந்தைகளைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஃபேமிலிசர்ச் தளத்தின் இலவச அட்டவணையில் 1855 முதல் 1875 வரையிலான ஸ்காட்லாந்துப் பிறப்புகள் பெரும்பாலும் பெற்றோர் பெயரோடு ஏற்றப்பட்டிருக்கின்றன. குழந்தையின் முதற்பெயரைக் காலியாக விட்டு, தந்தையின் குடும்பப் பெயரையும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் மட்டும் இட்டுத் தேடுங்கள். பெற்றோரின் முதற்பெயர்களையும் காலியாகவே விடுங்கள். ஃபோர்ஃபார்ஷயரில் வரும் முடிவுகளை வயது வரிசையில் அடுக்கினாலே குடும்பத்தின் உருவம் தெரிந்துவிடும். இன்று ஆங்கஸ் எனப்படும் மாவட்டத்தின் பெயர்தான் அன்றைய பதிவுகளில் ஃபோர்ஃபார்ஷயர். ஊர்ப் பெயர்களும் ஆட்களின் பெயர்களைப் போலவே நம்மை அலைக்கழிக்கும்.

அடுத்தது 1859 திருமணப் பதிவு. 1855-க்குப் பிந்தியது என்பதால் மணமகன், மணமகள் இருவரின் பெற்றோர் பெயர்களும், இரண்டு தாய்மாரின் பிறந்த வீட்டுப் பெயர்களும் அதில் இருக்கும். இதே திருமணம் ஐந்தாண்டு முன்பு நடந்திருந்தால் பங்குப் பதிவேட்டில் திருமண அறிவிப்பு ஒற்றை வரியாக மட்டும் கிடைத்திருக்கும். இந்தப் பதிவை நான் அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் பெயரிடும் மரபு. மூத்த மகனுக்குத் தந்தைவழித் தாத்தா பெயர், இரண்டாம் மகனுக்குத் தாய்வழித் தாத்தா பெயர், மூன்றாம் மகனுக்குத் தந்தையின் பெயர். மூத்த மகளுக்குத் தாய்வழிப் பாட்டி பெயர், இரண்டாம் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டி பெயர், மூன்றாம் மகளுக்குத் தாயின் பெயர் என்பது ஸ்காட்லாந்தில் பரவலாக இருந்த ஒழுங்கு. பேரன் பேத்திக்குத் தாத்தா பாட்டி பெயரிடுவது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பர்ன்ஸ் குடும்பத்தையே எடுத்துக்கொண்டால், 1759-இல் பிறந்த மூத்தவர் ராபர்ட்டுக்குத் தந்தைவழித் தாத்தா ராபர்ட்டின் பெயர். அடுத்தவர் கில்பர்ட்டுக்குத் தாய்வழித் தாத்தா கில்பர்ட் பிரவுனின் பெயர். மூன்றாம் மகன் வில்லியமுக்குத் தந்தை வில்லியமின் பெயர். மூத்த மகள் ஆக்னஸ், தாய்வழிப் பாட்டியின் பெயரைப் பெற்றாள். ஆனால் இரண்டாம் மகள் அனபெல்லா. தந்தைவழிப் பாட்டி இசபெல்லாவின் பெயர் கடைசி மகளுக்குத்தான் போனது. ஒழுங்கு உண்டு, சட்டம் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை. புதிய போதகர் ஊருக்கு வந்து முதலில் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தைக்கு அவர் பெயரையே வைத்துவிடுவதும், இறந்த குழந்தையின் பெயரை அடுத்துப் பிறந்த குழந்தைக்கு இடுவதும் இந்த ஒழுங்கைக் கலைத்தன. இரண்டு தாத்தாக்களுக்கும் ஒரே பெயர் என்றால், ஒரே பெயரில் இரண்டு பிள்ளைகளை உயிரோடு வைத்திருந்த வீடுகளும் உண்டு.

இந்த மரபு உங்களுக்கு இரண்டு விதத்தில் பயன்படும். ஜேனட் அவ்வீட்டின் மூத்த மகள் என்றால், 1859 பதிவில் மணமகளின் தாய் பெயர் ஜேனட் என்றோ அதன் கொத்தில் வேறொன்றாகவோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஒரு சான்று கூடுகிறது. மற்றொன்று எச்சரிக்கை. ஜேனட் என்பது தாய்வழிப் பாட்டியின் பெயரானால், அதே பெயரில் இருக்கக்கூடிய பெரியம்மா சித்தி மகள்கள் பெரும்பாலும் வேறு குடும்பப் பெயர் கொண்டவர்கள், குழப்பம் குறைவு. அது தந்தைவழிப் பாட்டியின் பெயரானால், தந்தையின் சகோதரர்கள் ஒவ்வொருவரும் தம் இரண்டாம் மகளுக்கு அதே பெயரை இட்டிருப்பார்கள். அப்போது ஒரே வட்டாரத்தில், ஒரே குடும்பப் பெயரில், ஏறக்குறைய ஒரே வயதில் மூன்று ஜேனட்டுகள் இருப்பது வியப்பில்லை. அப்படிப்பட்ட ஊர்களில் மக்களே தவித்துத்தான், வடகிழக்குக் கரையோர மீனவக் கிராமங்களில் ஒவ்வொருவருக்கும் ஒரு பட்டப் பெயரைச் சேர்த்து வழங்கினார்கள். அவற்றை அங்கே டீ-நேம் என்பார்கள், அதிகாரப்பூர்வப் பதிவுகளிலேயே அவை எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

பெற்றோர் உறுதியானதும், 1887 திருமணப் பதிவில் மணமகள் ஜெஸ்ஸியின் பெற்றோர் கட்டத்தைப் பாருங்கள். தந்தையின் தொழிலும் தாயின் பிறந்த வீட்டுப் பெயரும் 1864 பதிவோடு பொருந்த வேண்டும். 1931 இறப்புப் பதிவிலும் பெற்றோர் பெயர்கள் உண்டு, ஆனால் அங்கே தகவல் தந்தவர் யார் என்பதை முதலில் படியுங்கள். மகனோ மருமகனோ தான் பார்த்தே அறியாத தாத்தா பாட்டியின் பெயரைச் சொல்லியிருப்பார். பாட்டியின் முதற்பெயரில் தவறு வருவது சகஜம், குடும்பப் பெயர் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஜேன் என்ற பெயரும் அந்த வாயிலிருந்து வந்ததுதான். ஸ்காட்லாந்தில் மணமான பெண் பிறந்த வீட்டுப் பெயரைச் சட்டத்தின் பார்வையில் இழப்பதில்லை என்பதால், அவருடைய இறப்பைத் தேடும்போது இரண்டு குடும்பப் பெயர்களிலும் தேடலாம். கல்லறைக் கற்களில் மனைவியின் பெயரைப் பிறந்த வீட்டுப் பெயரோடு செதுக்கும் வழக்கமும் அதனால் வந்ததே.

இவையனைத்தும் பொருந்தினாலும் ஒரு வேலை மிச்சம் இருக்கிறது, பெரும்பாலானோர் அதைச் செய்வதில்லை. ஜேனட்டும் ஜெஸ்ஸியும் ஒருவர் என்றால், 1871-க்குப் பிறகு ஜேனட் என்ற பெயரில் வேறு யாரும் அந்த வீட்டில் தொடரக் கூடாது. 1881 கணக்கெடுப்பில் பெற்றோரின் வீட்டைத் தேடி, அங்கே 16 வயது ஜேனட் இருக்கிறாளா என்று பாருங்கள். இருந்தால் டண்டீயின் ஜெஸ்ஸி வேறொருத்தி. பிறகு 1871-க்கும் 1887-க்கும் இடையில் அந்தப் பெயரில் ஓர் இறப்போ திருமணமோ உண்டா என்று தேடி, கிடைக்கும் ஒவ்வொன்றையும் பெற்றோர் பெயரை வைத்து விலக்க வேண்டும். தங்கை ஒருத்திக்கே ஜெஸ்ஸி என்று பெயரிட்டிருக்கிறார்களா என்பதையும், மேலே சொன்ன உடன்பிறந்தார் பட்டியலை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்துக் கணக்கெடுப்பு பிறந்த பங்கையும் மாவட்டத்தையும் குறிக்கும் என்பதால், டண்டீப் பதிவில் கிர்ரிமியூர் என்று இருப்பது சிறிய விஷயம் அல்ல.

அவர் தம்மை எப்படி அழைத்துக்கொண்டார் என்பதற்கு நேரடிச் சான்று வேண்டுமானால், 1887-க்குப் பிறகு அவருக்குப் பிறந்த குழந்தைகளின் பதிவுகளைப் பாருங்கள். திருமணப் பதிவேட்டில் உள்ள கையொப்பங்கள் மணப் படிவத்திலிருந்து பதிவாளர் பெயர்த்து எழுதியவை; பிறப்பு, இறப்புப் பதிவேடுகளிலோ தகவல் தந்தவர் பக்கத்திலேயே நேரடியாகக் கையெழுத்திட்டார். கணவர் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் அவரே போய்க் குழந்தையைப் பதிந்திருந்தால், அவர் கைப்பட எழுதிய பெயர் உங்களுக்குக் கிடைக்கும். 1872 கல்விச் சட்டம் 5 முதல் 13 வயது வரை பள்ளியைக் கட்டாயமாக்கியபோது அவருக்கு எட்டு வயதுகூட நிறையவில்லை. எழுதத் தெரிந்திருக்கவே வாய்ப்பு அதிகம். எழுதத் தெரியாதவர்களின் பதிவில் பெருக்கல் குறியும் அதைச் சுற்றிப் பதிவாளர் எழுதிய பெயரும் இருக்கும். அது மறுபடி பதிவாளரின் விருப்பப் பெயர்தான். பதிவின் ஓரத்தில் திருத்தப் பதிவேட்டைச் சுட்டும் குறிப்பு ஏதேனும் இருந்தால் அதைத் திறந்து பார்க்காமல் விடாதீர்கள். பெயர்த் திருத்தமும் தந்தைப் பெயர்ச் சிக்கலும் அங்கேதான் இருக்கும்.

தேடும் முறை பற்றிச் சில சொற்கள். ஸ்காட்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் ஸ்காட்லண்ட்ஸ் பீப்பிள் தளத்தில் அட்டவணையைத் தேடுவது இலவசம், படத்தைத் திறக்கத்தான் கட்டணம். ஆகவே இலவசப் பகுதியிலேயே எல்லாச் சேர்க்கைகளையும் முயன்றுவிட்டுப் பிறகு காசைச் செலவழியுங்கள். முதற்பெயரில் முதலெழுத்தையும் நட்சத்திரக் குறியையும் மட்டும் இட்டால் ஜேனட் கொத்து முழுவதும் ஒரே தேடலில் வந்துவிடும். பழைய கையெழுத்தில் இரட்டை எஸ்ஸில் முதல் எழுத்தை நீட்டி எழுதுவார்கள், அது பார்ப்பதற்கு எஃப் போலவோ பி போலவோ தெரியும். ஜெஸ்ஸி அட்டவணையில் விநோதமான வடிவத்தில் கிடப்பது இதனால்தான், அந்த இடத்தில் கேள்விக்குறியை இட்டுத் தேடலாம். ஜேம்ஸ், அலெக்சாண்டர், மார்கரெட் போன்ற பெயர்களைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். கிறிஸ்டியன் என்ற பெயரின் முற்பாதியை எக்ஸ் என்ற ஓரெழுத்தால் குறிப்பதும் உண்டு. 1841 கணக்கெடுப்புக்குப் போகும்போது, 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதைப் பொதுவாக ஐந்தின் மடங்குக்குக் குறைத்து எழுதினார்கள் என்பதை நினைவில் வையுங்கள். 24 வயதுக்காரர் அங்கே 20 ஆவார்.

பங்குப் பதிவேட்டில் தந்தையின் பிறப்பு பிளேர் அதோலில் கிடைக்காமல் போனால் அதைப் பெயர்ச் சிக்கல் என்று நினைத்துவிட வேண்டாம். பதிவு கட்டாயமில்லாத காலம் அது. ஸ்காட்லாந்துத் திருச்சபையிலிருந்து பிரிந்த சபைகளைச் சேர்ந்தவர்கள் பலர் அதன் ஏட்டில் ஏறவே இல்லை. தாத்தா தலைமுறைக்குப் போகும்போது 1783 முதல் 1794 வரை பதிவுக்கு மூன்று பென்னி வரி இருந்ததையும் கணக்கில் கொள்ளுங்கள். அந்த ஆண்டுகளில் ஏழைகள் பலர் பதியாமலே இருந்துவிட்டார்கள். மூப்பர் அவையின் குறிப்பேடுகள் 2021 முதல் இணையத்தில் படமாகக் கிடைக்கின்றன, ஆனால் அவற்றுக்குப் பெயர் அட்டவணை இல்லாததால் பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும்.

பின்னூட்டத்தில் ஒருவர், தம் குடும்பத்தில் நீலகிரித் தோட்டத்துரை ஒருவரின் வழி உண்டென்றும் இதே முறை பயன்படுமா என்றும் கேட்டிருந்தார். பயன்படும். மதராஸ் மாகாணத்துத் திருச்சபைப் பதிவுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஸ்காட்ஸ் தேவாலயம் போன்ற ஸ்காட்லாந்துச் சபைகளின் பதிவுகளும் அவற்றில் அடங்கும். அங்கே சாண்டி என்றோ அலெக் என்றோ வருபவரை ஸ்காட்லாந்தில் அலெக்சாண்டர் என்று தேட வேண்டும். ஆனால் அந்தப் பதிவுகளில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் கிடைப்பது அரிது என்பதால், ஸ்காட்லாந்தில் இறந்த உடன்பிறந்தார் ஒருவரின் இறப்புப் பதிவு வழியாகப் பெற்றோரைப் பிடிப்பதே எளிது.

குடும்ப மரத்தில் எந்தப் பெயரை எழுதுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பிறப்புப் பதிவில் உள்ள ஜேனட் என்பதை முதற்பெயராக வைத்து, ஜெஸ்ஸி, ஜேன் என்பவற்றை மாற்றுப் பெயர்களாகச் சேர்த்து, ஒவ்வொன்றின் எதிரிலும் அது எந்த ஆண்டில், எந்தப் பதிவில், யார் தந்த தகவலாக வந்தது என்று எழுதிவையுங்கள். தந்தை பெயரை பீட்டர் என்று திருத்தி ஒருமைப்படுத்த வேண்டாம். பிளேர் அதோல் ஏட்டில் தேடும்போது உங்களுக்குத் தேவைப்படப் போவது பேட்ரிக் என்ற வடிவம்தான். 1859 திருமணப் பதிவின் படத்தையும், 1881-இல் பெற்றோர் இருந்த வீட்டின் பக்கத்தையும் எடுத்த பிறகு, அவற்றில் உள்ள பெயர்களையும் வயதுகளையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். அந்த இரண்டும் கிடைத்தால் மிச்சத்தைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.